பழைய வீட்டில் ஏசி மாட்டும் முன்: பியூஸ் கட்டையை மாற்றினால் போதுமா?

கேள்வியின் சாரம் இது. கும்பகோணத்தில், நடுவில் முற்றம் வைத்த பழைய ஓட்டு வீடு. 1976-இல் மின் இணைப்பு வாங்கியபோது செய்த வயரிங்தான் இன்றும் ஓடிக்கொண்டிருக்கிறது. வயதான பெற்றோருக்காக ஓர் அறைக்கு ஏசியும் குளியலறைக்குக் கீசரும் வைக்க வேண்டும். முதலில் வந்த எலக்ட்ரீஷியன், பியூஸ் கட்டைகளைக் கழற்றிவிட்டு 32 ஆம்பியர் எம்சிபி (அளவுக்கு மீறி மின்சாரம் ஓடினால் தானாக விழுந்து அறுக்கும் சுவிட்ச்) மாட்டினால் போதும் என்றிருக்கிறார். அடுத்து வந்தவர், சுவரையெல்லாம் வெட்டி வீடு முழுக்கப் புது வயரிங் செய்யாமல் ஏசியைப் பற்றிப் பேசவே கூடாது என்றிருக்கிறார். இதற்கிடையில் மழைக்காலத்தில் ஃபிரிட்ஜ் கைப்பிடியைத் தொட்டால் சுரீரென்கிறது. கூடத்துத் தேக்குப் பலகைச் சுவிட்ச் போர்டை மட்டும் யாரும் தொடக்கூடாது என்று அப்பா சொல்லிவிட்டார். இதில் யார் சொல்வதைக் கேட்பது?

முதலாமவர் சொன்னதைச் செய்யாதீர்கள். அது இப்போதிருக்கும் நிலையைவிட மோசமான நிலைக்குக் கொண்டுபோகும். இரண்டாமவர் சொன்னதில் ஆபத்து எதுவும் இல்லை, ஆனால் அவர் வேலையைத் தலைகீழாக வரிசைப்படுத்துகிறார். பழைய வீட்டில் முதலில் காப்பாற்ற வேண்டியது ஆட்களை. அதற்கு எர்த்தும் ஆர்சிசிபி எனப்படும் மின்கசிவுத் தடுப்பானும் வேண்டும். அடுத்தது, இருக்கும் வயரை அதன் தாங்குதிறனுக்கு மேல் சுமக்க விடாமல் கட்டுப்படுத்துவது. மூன்றாவது, புதிதாக வரும் கனமான சாதனங்களுக்குப் பழைய வயரைத் தொடாமல் தனி லைன் இழுப்பது. முழு வயரிங் மாற்றம் இவற்றுக்குப் பிறகு, வசதிப்படும்போது அறை அறையாகச் செய்துகொள்ளக்கூடியது. ஏன் இந்த வரிசை என்பதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

1976-இல் ஒரு நடுத்தர வீட்டின் மின் தேவை என்ன என்று நினைத்துப் பாருங்கள். ஐந்தாறு குண்டு பல்புகள், ஒன்றுக்கு 40 அல்லது 60 வாட். இரண்டு மூன்று மின்விசிறிகள், ஒன்றுக்கு 70, 80 வாட். ஒரு வால்வு ரேடியோ. வசதியான வீடென்றால் ஓர் இஸ்திரிப்பெட்டி. அனைத்தையும் ஒரே நேரத்தில் போட்டாலும் ஒரு கிலோவாட்டைத் தாண்டுவது அரிது. 230 வோல்ட்டில் அது நாலரை ஆம்பியருக்கும் குறைவு. அதற்கேற்ற வயரைத்தான் அன்று போட்டார்கள். தேக்கு ரீப்பரைச் சுவரில் அடித்து, அதன்மேல் ரப்பர் உறை போட்ட வயரைத் தகரக் கிளிப்பால் வரிசையாகக் கவ்வி, மூலைகளில் மரக்கட்டை வைத்துத் திருப்பியிருப்பார்கள். வயரின் அளவை அன்று சதுர மில்லிமீட்டரில் யாரும் சொன்னதில்லை. 1/18, 3/22, 3/20, 7/20 என்றே சொன்னார்கள், வயதான வயர்மேன்கள் இன்றும் அப்படித்தான் சொல்கிறார்கள். முதல் எண் இழைகளின் எண்ணிக்கை, இரண்டாவது இழையின் தடிமனைக் குறிக்கும் கேஜ் எண். விளக்கு லைனுக்குப் போட்ட 1/18, 3/22 இரண்டுமே இன்றைய கணக்கில் ஏறக்குறைய 1.2 சதுர மில்லிமீட்டர் தடிமன்தான். 3/20 என்பது 2 சதுர மில்லிமீட்டருக்குச் சற்றுக் குறைவு. 7/20 ஏறக்குறைய 4.6. உங்கள் வீட்டில் மீட்டரிலிருந்து வரும் முதல் துண்டு மட்டும் 7/20-ஆக இருக்கலாம். அறைகளுக்குள் ஓடுவதெல்லாம் மெல்லிசு வயராகத்தான் இருக்கும்.

இப்போது இரண்டு கிலோவாட் கீசர் ஒன்று ஏறக்குறைய 8.7 ஆம்பியர் இழுக்கும். ஒன்றரை டன் ஏசி, ரகத்தைப் பொறுத்து, ஏழு முதல் ஒன்பது ஆம்பியர். இரண்டும் ஒரே லைனில் சேர்ந்தால் 16, 17 ஆம்பியர். மின்னோட்டம் இரண்டு மடங்கானால் வயரில் உண்டாகும் சூடு நான்கு மடங்காகும் என்பது பள்ளிக்கூடத்தில் படித்த விதி. நான்கு ஆம்பியருக்கென்று போட்ட வயரில் பதினாறு ஓடினால் சூடு பதினாறு மடங்கு. ஐம்பது ஆண்டுகள் ஓட்டுக்கடியில் வெந்து, மடக்கினால் பொரிபொரியாக உதிரும் ரப்பர் அதைத் தாங்காது.

இந்த இடத்தில்தான் 32 ஆம்பியர் எம்சிபி விபரீதமாகிறது. எம்சிபி சாதனத்தைக் காப்பதற்காக வந்ததென்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். அதன் வேலை தனக்குப் பின்னால் இருக்கும் வயரைக் காப்பது மட்டுமே. அதனால் அதன் அளவைத் தீர்மானிக்க வேண்டியது அந்த லைனில் இருக்கும் மிக மெல்லிய வயர். மாட்டப்போகும் ஏசி அன்று. 32 ஆம்பியர் எம்சிபி ஒன்றில் 36 ஆம்பியர் ஓடினாலும் ஒரு மணி நேரம் வரை அது அசையாது, அசையவும் கூடாது. அதன் தர விதியே அப்படி. 46 ஆம்பியர் ஓடினால்கூட ஒரு மணி நேரத்துக்குள் விழுந்தால் போதும் என்பதுதான் அதற்கு இடப்பட்ட கட்டளை. அதற்குள் 3/22 வயரின் கதி என்ன ஆகும்? பழைய பியூஸ் கட்டையில் சரியான மெல்லிய கம்பி இருந்தவரை, மிஞ்சி ஓடினால் அது உருகி வீட்டை இருட்டாக்கிவிடும். எரிச்சலாக இருக்கும், ஆனால் வயர் பிழைக்கும். (அந்தக் கம்பிக்குப் பதில் வயரிலிருந்து நாலு இழையை உருவி முறுக்கிப் போட்டிருக்கிறார்களா என்று ஒருமுறை கட்டையைப் பிடுங்கிப் பாருங்கள், பத்து வீட்டில் பார்த்தால் சில வீட்டிலாவது அப்படித்தான் இருக்கும்.) ஆகையால் பியூஸ் கட்டையை எம்சிபியாக மாற்றுவது நல்ல காரியமே, அளவு சரியாக இருந்தால். பழைய விளக்கு லைன்களுக்கு 6 ஆம்பியர் எம்சிபிக்கு மேல் வேண்டாம். அது அடிக்கடி விழுந்தால், அந்த லைனில் இருக்கக்கூடாத ஏதோ ஒன்று செருகப்பட்டிருக்கிறது என்று பொருள். எம்சிபியைப் பெரிதாக்குவது அதற்கு மருந்தாகாது.

வயர் முழுநீளத்துக்கும் சூடாவதைவிடப் பெரிய தொல்லை இணைப்புகளில் இருக்கிறது. பழைய வீடுகளில் ஜாயின்ட் என்றால் இரண்டு வயரின் முனையைச் சுரண்டி, கையால் முறுக்கி, கறுப்பு டேப் சுற்றுவதுதான். அப்படி ஒரு ஜாயின்ட்டைக் கட்டைப் பெட்டிக்குள்ளிருந்து எடுத்துப் பாருங்கள். டேப் பிசினாகிக் கையில் ஒட்டும், உள்ளே செம்பின்மேல் பச்சைக் களிம்பு, முறுக்கு விரலால் தள்ளினால் ஆடும், பக்கத்து மரத்தில் காசளவுக்கு ஒரு கருப்பு வட்டம். அந்தத் தளர்ந்த முறுக்கின் தடை அரை ஓம் என்று வைத்துக்கொள்வோம். 9 ஆம்பியர் ஓடினால் அந்த ஒரே புள்ளியில் 40 வாட் வெப்பம் உருவாகும். ஒரு சாலிடரிங் அயர்னைக் காய்ந்த தேக்குப் பெட்டிக்குள் போட்டு மூடி வைத்தது போலத்தான் அது. முக்கியமான செய்தி என்னவென்றால், இதை எம்சிபியோ பியூஸோ ஆர்சிசிபியோ எதுவுமே கண்டுபிடிக்காது. ஓடுவது அனுமதித்த 9 ஆம்பியர்தான், வெளியே எங்கும் கசியவும் இல்லை. கருவிகளின் கண்ணுக்கு எல்லாம் ஒழுங்காகவே தெரியும்.

எங்கே தீப்பிடித்தாலும் மறுநாள் செய்தித்தாளில் மின்கசிவு என்று போடும் வழக்கம் நமக்குண்டு. மின்கசிவு, ஷார்ட் சர்க்யூட், மிகைப்பளு, தளர்ந்த இணைப்பு ஆகிய நான்கும் நான்கு வேறு நோய்கள். நான்குக்கும் மருந்து வேறு. ஒரே சொல்லில் நான்கையும் அடக்கிவிட்டதால்தான், ஒரு கருவியை வாங்கி மாட்டிவிட்டால் எல்லாம் தீர்ந்தது என்று மக்கள் நம்புகிறார்கள்.

உங்கள் வீட்டின் காலகட்டத்துக்கு இன்னொரு சந்தேகமும் உண்டு. எழுபதுகளிலும் எண்பதுகளிலும் செம்புக்குப் பதிலாக அலுமினிய வயர் போட்ட வீடுகள் ஏராளம். முனையைச் சுரண்டினால் வெள்ளையாக, ஒற்றைத் தடிக்கம்பியாக இருந்தால் அலுமினியம் என்று சந்தேகியுங்கள். செம்பின்மேல் ஈயம் பூசிய பழைய ரப்பர் வயரும் வெளியே வெள்ளையாகத் தெரியும், ஆனால் கத்தியால் கீறினால் உள்ளே சிவப்புக் காட்டும். அலுமினியம் செம்பைவிட மின்சாரத்தைக் குறைவாகக் கடத்துவது சிறிய குறைதான். சூட்டில் செம்பைவிட அதிகமாக விரிவதும், திருகின் அழுத்தத்தில் மெல்ல மெல்ல நசுங்கி இளகுவதும், காற்றுப் பட்ட உடனே மேற்பரப்பில் மின்சாரம் கடத்தாத ஆக்சைடு படிவதும்தான் அதன் பெரிய குறைகள். இறுக்கிய திருகு சில ஆண்டுகளில் தானாகத் தளரும். சில முறை வளைத்தால் ஒடியும். அலுமினியத்தோடு புதுச் செம்பு வயரை நேரடியாக முறுக்கிவிட்டால் ஈரத்தில் அந்த இடம் அரித்துப்போகும். அலுமினிய லைனாக இருந்தால் மட்டும் அதைத் திருத்திப் பயனில்லை, அந்த லைனை மாற்றிவிடுவதே மேல்.

இனி ஃபிரிட்ஜ் கைப்பிடிக்கு வருகிறேன். நீங்கள் அதைச் சின்ன விஷயமாகக் கேள்வியின் நடுவில் செருகியிருக்கிறீர்கள். என்னைக் கேட்டால் கடிதத்தின் தலைப்பே அதுவாக இருந்திருக்க வேண்டும். உலோக உடல் சுரீரென்கிறது என்றால் இரண்டில் ஒன்று. ஃபிரிட்ஜின் உள்ளே எங்கோ கசிகிறது, அல்லது கசிவு வேறு எங்கோ இருந்து எர்த் கம்பி வழியாக ஃபிரிட்ஜுக்கு வருகிறது. இரண்டிலும் பொதுவான உண்மை ஒன்று: ஃபிரிட்ஜுக்குப் போகும் எர்த் மண்ணோடு சரியான தொடர்பில் இல்லை.

இரண்டாவது வகையை ஒரு வீட்டில் நேரில் பார்த்தேன். அந்த வீட்டில் எல்லா பிளக்கும் மூன்று முள், எல்லா போர்டிலும் பச்சை வயர், பார்க்க அழகாக இருந்தது. ஆனால் ஃபிரிட்ஜ், கிரைண்டர், சமையலறைக் குழாய் எதைத் தொட்டாலும் ஷாக், அதுவும் சில நாட்களில் மட்டும். பச்சை வயரைப் பின்தொடர்ந்து போனால் அது பின்கட்டில் பழைய ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) தண்ணீர்க் குழாயில் ஒரு கிளாம்ப்பில் முடிந்தது. முன்பு அந்தக் குழாய் நேராக மண்ணுக்குள் போனதால் அதுவே எர்த்தாக வேலை செய்திருக்கிறது. நடுவில் பிளம்பர் வந்து மண்ணுக்குள் இருந்த பகுதியைப் பிவிசி குழாயாக மாற்றியபோது எர்த் சத்தமில்லாமல் போய்விட்டது. அதன் பிறகு பச்சை வயர் வீட்டின் எல்லா உலோக உடல்களையும் ஒன்றோடொன்று இணைத்திருந்தது, மண்ணோடு மட்டும் இணைக்கவில்லை. வாஷிங் மெஷினின் ஹீட்டர் கசிந்ததை, அது ஓடிய நாட்களில் வீடு முழுவதும் பகிர்ந்து கொடுத்துக்கொண்டிருந்தது. அந்தக் காலத்து வீடுகளில் தண்ணீர்க் குழாயில் எர்த் எடுத்தது பரவலான பழக்கம். ஆகவே உங்கள் வீட்டில் குழாய் வேலை நடந்திருந்தால் முதலில் அங்கே பாருங்கள்.

புது எர்த் குழி போடுவது பெரிய செலவில்லாத வேலை. எர்த்திங்குக்கான இந்தியத் தர நெறிமுறையான ஐ.எஸ். 3043, குழாய் வகை எர்த்துக்கு 38 மில்லிமீட்டருக்குக் குறையாத உள்விட்டமும் இரண்டரை மீட்டருக்குக் குறையாத நீளமும் உள்ள ஜிஐ குழாயைச் சொல்கிறது. சுற்றிலும் கரியும் உப்பும் போடுவது பழைய முறை. உப்பு மண்ணின் தடையைக் குறைக்கும், ஆனால் அதே உப்பு குழாயையும் தின்னும், எனவே இருபது வருடத்துக்கு முந்தைய குழியை நம்ப வேண்டாம். காவிரிப் படுகையின் களிமண் ஈரம் பிடித்து வைப்பதால் உங்களுக்கு நல்ல அளவு எளிதில் கிடைக்கும்; தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கத்துப் பாறை மண்ணில்தான் இரண்டு மூன்று குழி போட வேண்டியிருக்கும். குழியின் தடையை எர்த் மெகர் வைத்து அளக்கச் சொல்லுங்கள், அதையும் சித்திரை வெயிலில் அளக்கச் சொல்லுங்கள். ஐப்பசி அடைமழையில் எந்தக் குழியும் நல்ல அளவுதான் காட்டும்.

எர்த் நன்றாக இருந்தால் போதுமா என்றால், போதாது. இதைப் பல எலக்ட்ரீஷியன்களே ஒப்புக்கொள்வதில்லை என்பதால் கணக்குப் போட்டே காட்டுகிறேன். நம் ஊரில் நடைமுறையில் ஒவ்வொரு வீடும் தன் எர்த்தைத் தன் மண்ணிலேயே போட்டுக்கொள்கிறது. கசிந்த மின்சாரம் மண் வழியாகத்தான் டிரான்ஸ்ஃபார்மருக்குத் திரும்ப வேண்டும். வழியின் மொத்தத் தடை 5 ஓம் என்றால், அது நல்ல எர்த்தான். பேஸ் (மின்சாரம் வரும் கம்பி) நேராகக் கீசரின் உடலைத் தொட்டுவிட்டால் ஓடும் மின்சாரம் 230-ஐ 5-ஆல் வகுத்தால் 46 ஆம்பியர். ஆனால் 16 ஆம்பியர் சி வகை எம்சிபி உடனடியாக விழ அதன் அளவைப்போல் ஐந்து முதல் பத்து மடங்கு, அதாவது 80 முதல் 160 ஆம்பியர் வேண்டும். 46 ஆம்பியரில் அது உள்ளிருக்கும் உலோகப்பட்டை சூடாகி வளையும்வரை பல நொடிகள் காத்திருக்கும். அத்தனை நொடிகளும் கீசரின் உடலில் ஆபத்தான அழுத்தம் நிற்கும். எர்த் 50 ஓம் என்றால் ஓடுவது நாலரை ஆம்பியர். எம்சிபி எந்தக் காலத்திலும் விழாது.

30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி இந்தக் கணக்கையே மாற்றிவிடுகிறது. பேஸில் போன மின்சாரமும் நியூட்ரலில் திரும்பிய மின்சாரமும் சமமா என்பதை மட்டுமே அது பார்க்கிறது. வித்தியாசம் 30 மில்லி ஆம்பியரை எட்டுமுன் அறுத்துவிடும். எர்த் 100 ஓம் ஆனாலும் கசிவு 2.3 ஆம்பியர், அது போதும், பல மடங்கு போதும். எர்த்தே இல்லாத வீட்டில்கூட, ஒருவர் தொட்டு அவர் உடல் வழியாகக் கசியும் கணத்தில் அது விழும். ஷாக் அடிக்கும், ஆனால் விடாமல் பிடித்து வைக்காது. எனவே இந்த வாரம் ஒரே ஒரு வேலைதான் செய்ய முடியும் என்றால், ஆர்சிசிபி மாட்டுங்கள்.

அதிலும் மூன்று எச்சரிக்கைகள் உண்டு. ஆர்சிசிபியில் இருக்கும் சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்திப் பார்ப்பது நல்லது, ஆனால் அது விழுவதை வைத்து எர்த் நன்றாக இருக்கிறது என்று முடிவு கட்டாதீர்கள். அந்தப் பொத்தான் கருவிக்குள்ளேயே ஒரு வித்தியாசத்தை உண்டாக்குகிறது, எர்த் கம்பியை அது பயன்படுத்துவதே இல்லை. பேஸையும் நியூட்ரலையும் இரண்டு கையால் பிடித்தவரை ஆர்சிசிபி காப்பாற்றாது; அதன் கண்ணுக்கு அவர் ஒரு பல்பு. மூன்றாவதாக, ஷாக் நிற்பதற்காக நியூட்ரலையும் எர்த்தையும் வீட்டுக்குள் ஒன்றாக முறுக்கிவிடும் கைவைத்தியம் ஒன்று ஊரில் உலவுகிறது. அன்றைக்கு ஷாக் நின்றுவிடும். என்றைக்காவது தெருக் கம்பத்தில் நியூட்ரல் விட்டுப்போனால், வீட்டில் எரியும் ஒவ்வொரு விளக்கின் வழியாகவும் பேஸ் வந்து எல்லா உலோக உடலிலும் 230 வோல்ட் வரை நிற்கும். யார் செய்யச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள்.

பழைய வீட்டில் ஆர்சிசிபி மாட்டிய அன்றே அது நிற்காமல் விழுந்து, எலக்ட்ரீஷியன் கோபத்தில் அதைக் கழற்றிவிட்டு நேரடியாகக் கொடுத்துவிட்டுப் போவது வழக்கமான காட்சி. கருவி பழுதாக இருப்பது அரிது; அது வீட்டைப் பற்றி உண்மை சொல்கிறது. கூடத்து லைனின் பேஸை எடுத்துப் பக்கத்து அறை லைனின் நியூட்ரலில் முடித்திருப்பார்கள். மாடிப்படியின் இருவழிச் சுவிட்சில் இது அடிக்கடி உண்டு. நியூட்ரல் விட்டுப்போன ஒரு விளக்குக்கு எர்த் கம்பியையே நியூட்ரலாகக் கொடுத்திருப்பார்கள். 2008-க்குப் பிந்தைய மின்வெட்டுக் காலத்தில் அவசர அவசரமாக இன்வெர்ட்டர் வாங்கிய வீடுகளில், இன்வெர்ட்டர் லைனின் நியூட்ரலும் மெயின் லைனின் நியூட்ரலும் கண்ட இடத்தில் கலந்து கிடக்கும். ஒவ்வொரு லைனாகக் கழற்றி, எந்த லைனைச் சேர்க்கும்போது விழுகிறது என்று பார்த்து, அதன் நியூட்ரலைப் பிரிப்பதுதான் வழி. அரை நாள் வேலை. பொறுமையுள்ள ஆளாகப் பார்த்துக் கூப்பிடுங்கள். வீடு முழுவதற்கும் ஒரே ஆர்சிசிபி வைக்காமல், கீசர், வாஷிங் மெஷின், சமையலறைக்கு ஒன்றும் விளக்கு, மின்விசிறிக்கு ஒன்றும் வைத்தால், நள்ளிரவில் கீசர் கசிந்ததற்காகப் பெரியவர்கள் இருட்டில் தடவ வேண்டியிருக்காது. இரண்டுக்கும் நியூட்ரல் வயர்கள் சேரும் கட்டை தனித்தனியாக இருக்க வேண்டும் என்பதை மட்டும் மறக்க வேண்டாம்.

மெயின் போர்டைத் திறக்கும்போது இன்னொன்றைப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் காலத்து இரும்புப் பெட்டி மெயின் சுவிட்சில் பேஸுக்கு ஒன்று, நியூட்ரலுக்கு ஒன்று என இரண்டு பியூஸ் வைத்திருப்பார்கள். நியூட்ரல் பியூஸ் மட்டும் போனால் வீடு இருட்டாகும், ஆனால் ஒவ்வொரு ஹோல்டரிலும் பேஸ் உயிரோடு நிற்கும். கரண்ட் இல்லையே என்று பல்பை மாற்ற ஏறியவர் மாட்டிக்கொள்வார். சுவிட்சைப் பேஸில் வைக்காமல் நியூட்ரலில் வைத்த தவறும் இதே குடும்பம். அணைத்த பிறகும் ஓர் எல்இடி விளக்கு மங்கலாக மினுங்கினால் அந்தச் சந்தேகத்தை முதலில் தீர்த்துக்கொள்ளுங்கள். குண்டு பல்பு இருந்த காலத்தில் இந்தத் தவறு கண்ணில் படாமலே போனது. வாட் குறைந்த எல்இடி அதைக் காட்டிக்கொடுக்கிறது.

இவ்வளவையும் சொன்னபின், பழைய வயரை எவ்வளவு காலம் விட்டு வைக்கலாம் என்று கேட்பீர்கள். ஊகிக்க வேண்டாம், அளக்கலாம். மெயினை அணைத்து, பல்புகளையும் பிளக்குகளையும் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சுவிட்சுகளை மட்டும் போட்டு வைத்து, 500 வோல்ட் மெகர் கொண்டு ஒவ்வொரு லைனுக்கும் எர்த்துக்கும் இடையே காப்புத் தடையை (வயரின் உறை கசிவைத் தடுக்கும் திறனை) அளப்பார்கள். ஒரு மெகா ஓமுக்குக் கீழே வந்த லைன் இனி ஓடக்கூடாது. ஒன்றுக்கும் ஐந்துக்கும் இடையில் இருந்தால் என் கணக்கில் அது அடுத்த ஆண்டு மாற்ற வேண்டிய லைன். எர்த்தைக் கோடையில் அளக்கச் சொன்னேன் அல்லவா, இதை நேர்மாறாக மழைக்காலத்தில் அளக்க வேண்டும். முற்றத்துத் தாழ்வாரத்தை ஒட்டி ஓடும் ரீப்பர் வயர், சாரல் அடிக்கும் கார்த்திகையில் காட்டும் அளவுதான் அதன் உண்மையான அளவு. ஓட்டுக்கடியில் ஓடும் பகுதியில் எலி கடித்த இடங்களை மெகர் காட்டாமல் விடலாம். அதற்கு ஏணியும் டார்ச்சும்தான் கருவி.

ஏசிக்கும் கீசருக்கும் வருவோம். மெயின் போர்டுக்குப் பக்கத்தில் ஒரு புதிய விநியோகப் பெட்டி வைத்து, அங்கிருந்து ஏசிக்கு 4 சதுர மில்லிமீட்டர் செம்பு வயரும் 20 ஆம்பியர் எம்சிபியும், கீசருக்கும் அதேபோல் ஒரு தனி லைனும் இழுங்கள். இரண்டுக்கும் பச்சை எர்த் வயர் கூடவே போக வேண்டும், நடுவில் எங்கும் ஜாயின்ட் இருக்கக்கூடாது. கீசரின் சுவிட்ச் பேஸ், நியூட்ரல் இரண்டையும் சேர்த்து அறுக்கும் டபுள் போல் வகையாக, குளியலறைக்கு வெளியே இருக்கட்டும். வயர் வாங்கும்போது சுருளின் மேல் ஐ.எஸ். 694 முத்திரையும் அளவும் அச்சாகியிருக்கிறதா பாருங்கள். மெயின் சுவிட்சிலிருந்து மீட்டர் வரை வரும் வயரும் இந்தக் கூடுதல் பளுவைத் தாங்க வேண்டும் என்பதால் அதையும் மாற்ற வேண்டியிருக்கும். மீட்டரும் அதற்கு முன்னால் இருப்பதும் மின்வாரியத்தின் பொறுப்பு, முத்திரையைத் தொடக்கூடாது. உங்கள் இணைப்புக்கு அனுமதித்த மின்பளு போதாவிட்டால் கூடுதல் பளுவுக்கு முறைப்படி விண்ணப்பித்துவிட்டே ஏசியை ஓட்டுங்கள். உரிமம் பெற்ற மின் ஒப்பந்ததாரர் மூலம் வேலை செய்தால் சோதனை அறிக்கையும் அவரே தருவார்.

இந்த ஏற்பாட்டில் ஒரு மறைமுக லாபம் இருக்கிறது. கனமான சாதனங்கள் அனைத்தும் புது லைனுக்குப் போய்விட்டால், பழைய வயருக்கு எல்இடி விளக்கும் மின்விசிறியும் மட்டுமே மிச்சம். அதாவது 1976-இல் சுமந்ததைவிடக் குறைவான சுமை. ஜாயின்ட்டுகளை மட்டும் திறந்து, சுத்தம் செய்து, திருகு வைத்த இணைப்பானில் புதிதாக இறுக்கிவிட்டால், மெகரில் தேறிய லைன்கள் அறை அறையாக மாற்றும்வரை தாக்குப்பிடிக்கும்.

சுவரை வெட்டுவது பற்றி இரண்டாமவரோடு எனக்கு முழு உடன்பாடில்லை. சுண்ணாம்புக் காரையில் எழுப்பிய பழைய செங்கல் சுவரில் கட்டர் வைத்துக் கிடைமட்டமாக நீளக் காடி எடுத்தால் சுவரின் பலம் குறையும், வெட்டிய இடத்தைச் சிமெண்டால் அடைத்தால் சுண்ணாம்புப் பூச்சோடு அது ஒட்டாமல் சில மழைக்குப் பிறகு கோடு கோடாக விலகும். நிலைக்கு மேலே ஓரமாகப் பிவிசி குழாயையோ கேசிங்கையோ வெளியில் ஓட்டுவதுதான் இத்தகைய வீட்டுக்குப் பொருத்தம். பழைய ரீப்பர் ஓடிய தடத்திலேயே ஓட்டினால் கண்ணுக்கு உறுத்தாது, பின்னாளில் பழுது பார்ப்பதும் எளிது.

அப்பாவின் தேக்குப் பலகையைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் பின்னால் சுவருக்குள் போய் முடியும் வயர்களையும், பீங்கான் அடி வைத்த குமிழ்ச் சுவிட்சுகளின் உள்ளிருக்கும் பித்தளைத் தகடுகளையும்தான் ஓய்வுபெற விட வேண்டும். அவற்றின் ஸ்பிரிங் தளர்ந்து, போடும்போதெல்லாம் உள்ளே நீலப்பொறி பறப்பதை இரவில் விளக்கணைத்துவிட்டுப் பார்த்தால் அவருக்கே தெரியும். பலகையை இறக்கி, பின்பக்கம் கரையான் அரித்திருக்கிறதா என்று தட்டிப் பார்த்து, உலோகப் பெட்டி ஒன்றைச் சுவரில் பதித்து எர்த் கொடுத்து, அதன்மேல் பலகையைப் பழைய இடத்திலேயே திரும்ப மாட்டலாம். பலகையில் சதுரத் துளை வெட்ட அப்பா சம்மதித்தால் புதுச் சுவிட்சுகள் அதிலேயே உட்காரும். சம்மதிக்காவிட்டால் குமிழ்ச் சுவிட்சுகளை மின் தொடர்பில்லாமல் அப்படியே விட்டுவிட்டு, புதுச் சுவிட்சுகளைப் பக்கத்தில் ஒரு சிறிய பெட்டியில் வையுங்கள்.